திரும்பிப் போன சீர்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பைத் தேடி வந்த நமக்கு, ஊர் என்பது பாதி நினைவில் இருக்கிறது; மறுபாதி பார்சலில் வருகிறது. கோடையில் வடகமும் அப்பளமும், தை மாதத்தில் புதுமஞ்சளும், இடையிடையே மாவடுவும் நார்த்தங்காயும் துணிப்பையில் தைக்கப்பட்டு நம் வாசலுக்கு வந்து சேர்கின்றன. ஆகவே, நம் சங்கத்து அன்பர்கள் இருவர் சந்தித்தால், விலைவாசிக்கு அடுத்தபடியாகத் தபாலைப் பற்றிய பேச்சு எழுவதில் வியப்பில்லை. “வந்துவிட்டதா?” என்று ஒருவர் கேட்பார். “எங்கே வந்தது!” என்று மற்றவர் பெருமூச்செறிவார். அந்தப் பெருமூச்சில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நன்றி கூற வேண்டியதைக் கூறிவிடுவோம். நம் நாட்டில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கிராமங்களில் உள்ளவை. பஸ் போகாத ஊருக்கும் தபால் போகிறது. குமரி முனையில் ஒரு கிழவி கொடுக்கும் பொட்டலத்தை இமயமலை அடிவாரத்தில் அவள் பேரனிடம் சேர்ப்பிக்கும் பணி சாதாரணமானதன்று. குறை கூறுகிறவர்கள் இதை மறந்துவிட்டுப் பேசுவது முறையாகாது.

இத்தனை பெரிய தேசத்தில் விலாசம் என்பதே ஒரு சிக்கல். பிலாஸ்பூர் என்று எழுதினால் எந்தப் பிலாஸ்பூர்? சத்தீஸ்கரில் ஒன்று உண்டு. இமாசலப் பிரதேசத்தில் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்து ராம்பூர் ஜில்லாவிலும் ஒன்று உண்டு. ஹமீர்பூரும் அப்படியே, இமாசலத்தில் ஒன்று, உத்தரப் பிரதேசத்தில் ஒன்று. போதாக்குறைக்கு ஒருவர் தமிழில் எழுதுவார், ஒருவர் வங்காளியில் எழுதுவார், மற்றொருவர் எம்மொழியும் ஆகாத கையெழுத்தில் எழுதுவார். இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே 1972 ஆகஸ்டு 15 அன்று பின்கோடு என்னும் ஆறு இலக்க எண் நடைமுறைக்கு வந்தது. இதை வகுத்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் சம்ஸ்கிருதக் கவிஞரும் ஆவார்.

அவ்வெண்ணின் அமைப்பு அழகானது. முதல் இலக்கம் நாட்டின் பகுதியைக் குறிக்கிறது. 1 என்றால் தில்லியும் அதைச் சூழ்ந்த வடபகுதியும். 4 என்றால் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் முதலியவை. 6 என்றால் நம் தமிழ்நாடும் கேரளமும். எண் 9 இராணுவத் தபாலுக்கு உரியது. முதல் மூன்று இலக்கங்கள் தபாலைப் பிரிக்கும் வட்டாரத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் அதைப் பட்டுவாடா செய்யும் நிலையத்தையும் காட்டும். சத்தீஸ்கர் பிலாஸ்பூருக்கு 495001, இமாசலத்துப் பிலாஸ்பூருக்கு 174001 என்று எழுதிவிட்டால், ஊர்ப் பெயரையே படிக்கத் தெரியாத சிப்பந்தியும் தவறின்றிப் பிரித்துவிடலாம்.

ஆனால், இந்த அழகுக்குள் ஓர் அபாயமும் ஒளிந்திருக்கிறது. விரைவுத் தபாலுக்குத் தரப்படும் ரசீதைப் பாருங்கள். இரண்டு எழுத்துகள், ஒன்பது இலக்கங்கள், மீண்டும் இரண்டு எழுத்துகள் என்று பதின்மூன்று குறிகள் கொண்ட எண் அதில் இருக்கும். ஒன்பது இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு காவற்காரன். முன்னுள்ள எட்டையும் ஒரு குறிப்பிட்ட கணக்கின்படி பெருக்கிக் கூட்டி வகுத்தே அது பெறப்படுகிறது. நடுவில் ஓர் இலக்கத்தை ஒருவர் தவறாகத் தட்டினால், பெரும்பாலும் கணக்கு ஒத்துவராது. கணிப்பொறி உடனே மறுத்துவிடும். பின்கோட்டுக்கோ இத்தகைய காவற்காரன் கிடையாது. அதில் ஓர் இலக்கம் மாறினால், அது பிழையான எண்ணாக நிற்காமலும் போகலாம். வேறோர் ஊரின் சரியான எண்ணாகிவிடலாம். அப்போது இயந்திரம் ஐயமின்றி அந்த வேற்றூருக்குப் பார்சலை அனுப்பிவைக்கிறது.

அப்படி அனுப்பப்பட்ட ஒரு பார்சலின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறோம். நாங்கள் வாழும் நகரத்தின் பெயரையோ, சம்பந்தப்பட்ட நிலையங்களின் பெயரையோ கூறப்போவதில்லை. யாரையும் காட்டிக்கொடுப்பது எங்கள் எண்ணமன்று.

எங்கள் மகள் தலைப்பிரசவத்துக்காக எங்களிடம் வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் இருக்கும் எங்கள் தாயாருக்கு வயது எண்பத்து மூன்று. இரண்டு நாள் ரயில் பயணம் அவர்களால் இயலாத காரியம். கொள்ளுப்பேத்தியைக் காண வரமுடியாதவர்கள், தம் பழைய நூற்புடவை ஒன்றைத் தூளி கட்டுவதற்காக அனுப்ப முடிவு செய்தார்கள். எங்களையெல்லாம் தாலாட்டிய தூளிகளும் அவர்களுடைய புடவைகளே. பலமுறை துவைத்துத் துவைத்துப் பூப்போல் மென்மையான நூற்புடவைக்கு ஈடாகச் சிசுவின் உடம்புக்கு வேறெதுவும் இல்லை என்பது நம் வீட்டுப் பெண்மணிகள் அறிந்த உண்மை. புடவையோடு வசம்பு கோத்த கை வளையல் ஒன்றும் வைத்து, துணியில் தைத்து, பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையனைக் கொண்டு எங்கள் விலாசத்தை ஆங்கிலத்தில் கொட்டை எழுத்துகளில் எழுதச் செய்தார்கள். பின்கோடு உட்பட ஓரெழுத்தும் பிசகவில்லை. குழந்தை பிறந்த நான்காம் நாள், அருகிலுள்ள பட்டணத்தில் அதைப் பதிவு செய்தார்கள். மதிப்பு என்னவென்று கேட்டதற்கு, “பழைய புடவைக்கு ஏது மதிப்பு?” என்று கூறினார்களாம்.

சிப்பந்தி கணிப்பொறியில் எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் மாறிவிட்டது. அச்சான சீட்டு பார்சலின் மேல் ஒட்டப்பட்டது. அந்தக் கணத்திலிருந்து, பையன் கொட்டை எழுத்தில் எழுதிய விலாசத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சீட்டையே பார்த்தார்கள். எங்கள் பார்சல் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு மாநிலத்திற்குப் போய்ச் சேர்ந்தது.

கைப்பேசியில் அதன் யாத்திரையை நாங்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தோம். பை வந்தது, பை புறப்பட்டது என்று அறிவிப்புகள் வந்தன. ஆறாம் நாளே திசை தவறியது தெரிந்துவிட்டது. எங்கள் பகுதி நிலையத்திற்குச் சென்றோம். “இங்கு வராத பார்சலுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்? அனுப்பியவர்தான் புகார் செய்ய வேண்டும்” என்றார்கள். தொலைபேசி எண் ஒன்றைத் தந்தார்கள், அதை எடுப்பாரில்லை. கணிப்பொறி வழியே புகார் எழுதினோம். இரண்டு நாட்களில் மறுமொழி வந்தது: “உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது.” பார்சல் எங்கே என்று அதில் ஒரு சொல் இல்லை. மீண்டும் எழுதினோம், மீண்டும் முடித்தார்கள். புகாரை முடிப்பதில் காட்டிய விரைவைப் பார்சலைச் சேர்ப்பதில் காட்டியிருக்கலாமே என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம்.

இவையெல்லாம் பொறுக்கக்கூடியவையே. பொறுக்க முடியாதது ஒன்பதாம் நாள் நேர்ந்தது. அந்த வேற்றூரில் எங்கள் தெருவும் இல்லை, நாங்களும் இல்லை. ‘விலாசதாரர் இவ்வூரில் இல்லை’ என்று குறித்திருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். ஆனால் அங்கிருந்தவர் எவரோ, ‘பெற மறுத்தார்’ என்று குறித்துவிட்டார். பார்சல் அந்தக் குறிப்போடு, வந்த வழியே ஊருக்குத் திரும்பியது.

அன்பர்களே, சீர் திரும்பிப் போவதென்றால் என்ன என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சண்டை முற்றிய சம்பந்திகளும் செய்யத் தயங்கும் காரியம் அது. எங்கள் தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. கொண்டுவந்து கொடுத்தவர் குறிப்பைப் படித்து, “வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம்” என்று பொருள் கூறிவிட்டுப் போய்விட்டார். நாள்தோறும் மாலையில் தவறாமல் எங்களோடு பேசும் தாயார் இரண்டு நாள் பேசவில்லை. நாங்கள் அழைத்தபோது உடல் நலமில்லை என்று பிறர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மிகத் தணிந்த குரலில், “பழந்துணி ஆகாதுன்னு திருப்பிட்டீங்களோப்பா?” என்று கேட்டார்கள். என்ன நடந்தது என்பதை நாங்கள் விளக்கினோம். கேட்டுக்கொண்டார்கள். ஆயினும் அச்சடித்த காகிதம் பொய் சொல்லும் என்பதை அவர்களால் எளிதில் நம்ப முடியவில்லை. அவர்கள் தலைமுறைக்குத் தபால் சொன்னால் அது சர்க்கார் சொன்னது போல.

இத்தகைய பிழைக்குச் சட்டத்தில் பரிகாரம் என்ன என்று தேடிப் பார்த்தோம். 1898ஆம் ஆண்டின் இந்தியத் தபால் நிலையச் சட்டம், தபால் தொலைந்தாலும், தாமதித்தாலும், தவறான இடத்தில் சேர்ந்தாலும், வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் சர்க்காருக்குப் பொறுப்பில்லை என்று கூறியது. சிப்பந்தி மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தாலன்றி அவருக்கும் பொறுப்பில்லை. அச்சட்டம் நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. விதிகளில் குறிக்கப்படும் பொறுப்பைத் தவிர வேறு பொறுப்பு இல்லை என்பதே அதன் நிலையும். வெள்ளைக்காரன் போனான், அவன் வகுத்த விலக்குப் போகவில்லை. இதில் ஓரளவு நியாயமும் உண்டு. கோடிக்கணக்கான பொட்டலங்களைக் குறைந்த கட்டணத்தில் சுமக்கும் ஓர் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் முழு ஈடு கொடுக்க இயலாது. மதிப்புள்ள பொருளை வேண்டுமானால் இன்சூர் செய்து அனுப்பலாம். ஆனால், ‘ஏது மதிப்பு’ என்று சொல்லி அனுப்பிய புடவையை எந்தத் தொகைக்கு இன்சூர் செய்வது?

முடிவில் எங்களுக்கு உதவியது சட்டமன்று, ஒரு மனுஷி. எங்கள் சிற்றூரின் கிளைத் தபால் நிலையத்தை நடத்தும் அம்மையார் செய்தி கேள்விப்பட்டுத் தாயார் வீட்டுக்கே வந்தார். பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையனின் எழுத்தையும் ஒட்டிய சீட்டையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டு, “பாட்டி, உங்க பிள்ளை மறுக்கல. எண்ணு மாறிப் போய், யார் ஊருக்கோ போயிட்டு வந்திருக்கு” என்று கூறினார். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் ஆறாத மனம், தபால்காரரே சொன்னதும் ஆறிவிட்டது. அம்மையார் பழைய சீட்டைக் கிழித்தெறிந்து, உள்ளே ஒரு காகிதத்தில் இரு விலாசங்களையும் எழுதி வைத்துத் தைத்து, தாமே எடுத்துச் சென்று மறுபடி பதிவு செய்தார். இதைச் செய்ய எந்த விதியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பதினாறாம் நாள் குழந்தையை மரத்தொட்டிலில் இட்டிருந்தோம். இருபத்து மூன்றாம் நாள் புடவை வந்தது. அன்றே தூளி கட்டினோம்.

இந்த அனுபவத்திலிருந்து அன்பர்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைக் கூறுகிறோம். ஊரிலிருந்து அனுப்புகிறவர்களிடம், ஒட்டப்படும் சீட்டிலுள்ள பின்கோட்டைத் தாம் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே அவ்விடத்தை விட்டு நகரச் சொல்லுங்கள். மாநிலத்தின் பெயரை முழுமையாக எழுதச் சொல்லுங்கள். இரு தரப்புத் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். பார்சலுக்குள்ளும் ஒரு விலாசக் காகிதம் இருக்கட்டும். மேலுறை சிதைந்தால் அதுவே வழிகாட்டும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், புகாரை அனுப்பியவர் பெயரிலும் எழுதுங்கள். புகாருக்கு உருப்படியான மறுமொழி வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் விவரம் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் மறுமொழி தர வேண்டியது அவர்கள் கடமை.

விலாசத்தை இன்னும் நுட்பமாகக் குறிக்க, ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரத்தையே சுட்டும் பத்துக் குறிகள் கொண்ட டிஜிபின் என்னும் முறையும் 2025இல் வெளியிடப்பட்டிருக்கிறது. நல்லதே. ஆயினும் எத்தனை நுட்பமான எண் வந்தாலும், அதைத் தட்டுவது ஒரு விரல்; அதைச் சரிபார்ப்பது ஒரு கண். கை தவறுவது மனித இயல்பு. அதற்காக எவரையும் நாங்கள் நோகவில்லை.

தபாலை நடத்துகிறவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. தாமதித்தால் தாமதம் என்று எழுதுங்கள். தேடியும் கிடைக்கவில்லையானால் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். தேடவே இல்லையானால் அதையும் எழுதுங்கள். வாங்காதவர் வாயில் வராத சொல்லை மட்டும் எழுதாதீர்கள். தொலைந்த புடவைக்கு வேறொரு புடவை கிடைக்கும். “என் பிள்ளை வேண்டாம் என்றானே” என்று ஒரு தாய் மனம் நொந்து கழித்த இரண்டு நாட்களை எந்த விதியின் கீழும் ஈடு செய்ய முடியாது.