இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு ஆயுசு!

'ஸ்டார் ட்ரெக்' என்றாலே கூர்க்காது ஆசாமிகளும் லேஸர் துப்பாக்கியும்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவரா நீங்கள்? 1992 ஜூனில் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'தி இன்னர் லைட்' என்ற எபிஸோடை மட்டும் பார்த்துவிடுங்கள். கைக்குட்டை முக்கியம்.

காப்டன் பிக்கார்டின் கப்பலுக்கு எதிரே ஒரு குட்டி யந்திரம் மிதந்து வருகிறது. அதிலிருந்து ஒரு கதிர். மனிதர் பொத்தென்று விழுகிறார். கண் விழித்தால் வேறு கிரகம். பக்கத்தில், ஜுரம் விட்டதா என்று விசாரிக்கும் ஒரு பெண். அவர் சம்சாரமாம்! ஐந்து வருஷம் கப்பல், கப்பல் என்று முரண்டு பிடிக்கிறார். (அந்தம்மா பொறுமைக்குத் தனியாக ஒரு அவார்டு தரலாம்.) அப்புறம் குழந்தைகள், புல்லாங்குழல், பேரன்... நடுவே மழை பொய்க்கிறது. அவர்களுடைய சூரியனே அவர்களை எரிக்கப் போகிறது.

மனைவி சாகக் கிடக்கிறாள். காதல் வசனம் வரும் என்று பார்த்தால், செருப்பை எடுத்து வைக்கச் சொல்கிறாள்! ஆயுசு முழுக்க அவனிடம் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம். அங்கேதான் உடைந்துவிட்டேன்.

என் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டது, "மோட்டார் ஸ்விட்சை அணைச்சியாடா?" என்றுதான். பெரிதாக ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று பல வருஷம் மனசில் ஒரு குறை. இதைப் பார்த்த ராத்திரி அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். குறையாகத் தெரியவில்லை.

கடைசியில்தான் விஷயம் புரிகிறது. அந்த கிரகம் அழிந்து ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. தங்களை யாராவது ஒருத்தராவது ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும் என்று அந்த ஜனங்கள் அனுப்பிய யந்திரம் அது. ராஜா கதையையா அனுப்பினார்கள்? ஒரு சாதாரண வீட்டை! கப்பலில் கழிந்தது வெறும் 25 நிமிஷம். யந்திரத்துக்குள் ஒரு பெட்டி, அதில் அந்தப் புல்லாங்குழல். தனியறையில் அதை வாசிக்கிறார் பிக்கார்ட். வசனமே கிடையாது.

மகனாக வருவது, பிக்கார்டாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் நிஜ மகன் டேனியல். 1993-ல் ஹ்யூகோ விருதும் கிடைத்தது. 2006-ல் நியூயார்க்கில் அந்தக் குழலை ஏலம் விட்டார்கள். 40,000 டாலருக்கு மேல் போனது. இத்தனைக்கும், அதை ஊதினால் சத்தமே வராது ஸார்!