பேட்ஜில் பெயர் இருக்கு, செய்தவர் எங்கே?

வீட்ல இருக்கிற மாத்திரை அட்டை ஒன்னைத் திருப்பிப் பாருங்க. பல அட்டைகளில் பொடி எழுத்துல ரெண்டு முகவரி இருக்கும். ஒன்னு அந்த மாத்திரையை விக்கிற கம்பெனி. இன்னொன்னு அதை உண்மையிலேயே தயாரிச்ச கம்பெனி. நாம பேர் சொல்லிக் கேட்டு வாங்குறது முதல் கம்பெனியை. ரெண்டாவதை யாரும் படிக்கிறதில்ல. ஆனா சந்தேகம்னு வந்தா படிச்சுத் தெரிஞ்சுக்கலாம்.

இப்போ அந்த ரெண்டாவது முகவரியை யாரோ அழிச்சுட்டதா நினைச்சுக்கங்க. 1960களில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய டிரம் செட்டுகளோட நிலைமை அதுதான்.

(சர்க்கரை, பிரஷர் பதிவை எதிர்பார்த்து வந்தவங்க நாளைக்கு வாங்க. இது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். மருத்துவக் கல்லூரி கல்ச்சுரல்ஸ்ல பிடிச்சது, இன்னும் விடல.)

1964 பிப்ரவரி 9. எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசிக்கிறாங்க. சுமார் 7.3 கோடி பேர் பார்த்த நிகழ்ச்சி. ரிங்கோ ஸ்டார் உட்கார்ந்திருந்தது லுட்விக் டிரம் செட் முன்னாடி. மறுநாளிலிருந்து அமெரிக்கப் பையன்கள் எல்லாருக்கும் டிரம் வேணும். லுட்விக் வாங்க எல்லா அப்பாக்கள் கிட்டயும் காசு இல்லை. அந்த இடைவெளியில் நுழைஞ்சதுதான் ஜப்பான் சரக்கு.

எப்படி நுழைஞ்சதுங்கறதுதான் விஷயம். அமெரிக்காவில் இருக்கும் இறக்குமதியாளர் தனக்குப் பிடிச்ச பேரைச் சொல்லுவார். ஜப்பான் ஃபேக்டரி அந்தப் பேரில் பேட்ஜ் அடிச்சு டிரம்மில் வச்சு அனுப்பும். இதுக்கு ‘ஸ்டென்சில்’ பிராண்டுன்னு பேர். பழைய பியானோ வியாபாரத்திலிருந்து வந்த சொல். கடைக்காரர் தன் பேரை அச்சுத்தகடு வச்சுப் பியானோ மேலே எழுதிக்குவார், செய்தவர் வேற யாரோ.

அமெரிக்காவின் 1930ஆம் வருஷ சுங்கச் சட்டப்படி இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் செஞ்சதுன்னு குறிக்கணும். அதனால ‘ஜப்பான்’னு ஒரு முத்திரையோ ஸ்டிக்கரோ இருக்கும். எந்த ஃபேக்டரின்னு போடச் சொல்லி அந்தச் சட்டம் கேட்கலை. கேட்காததை யார் போடுவா?

செய்தவங்களில் பெரியவங்க ரெண்டு பேர். ஒருத்தர் பேர்ள். கட்சுமி யனாகிசாவா 1946இல் டோக்கியோவில் ஆரம்பிச்சது. முதலில் செஞ்சது இசைக் குறிப்புத் தாளை வைக்கிற ஸ்டாண்டு. டிரம்முக்கு வந்தது 1950இல். 1961இல் சிபாவில் புது ஃபேக்டரி. அங்கிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களுக்கு அவங்கவங்க பேரிலேயே டிரம் போச்சு: மெஜஸ்டிக், அப்பல்லோ, ஸ்டூவர்ட், லைரா, கோரோனெட், வொய்ட்ஹால்... எல்லாம் ராஜா வீட்டுப் பேர்கள் மாதிரி. உள்ளே ஒரே தொழிலாளர் கை. தன் சொந்தப் பேரில் தொழில்முறைக் கலைஞர்களுக்குன்னு ‘பிரசிடென்ட்’ வரிசையை பேர்ள் கொண்டுவந்தது 1966இல்தான்.

இன்னொருத்தர் ஹோஷினோ. நகோயாவில் 1908இல் புத்தகக் கடையா ஆரம்பிச்ச குடும்பம். 1960களில் இவங்க டிரம்முக்கு ‘ஸ்டார்’னு பேர். ‘ஹோஷி’ன்னா ஜப்பானிய மொழியில் நட்சத்திரம். 1974இல் டாமான்னு மாத்தினாங்க. அது நிறுவனரோட மனைவி பேர், மணின்னும் பொருள் உண்டு. ஆக, ஒரு பக்கம் முத்து, இன்னொரு பக்கம் மணி. இவங்க தவிர சின்னப் பட்டறைகளும் இருந்தன.

சரி, பேட்ஜ் உதவாதுன்னா எதைப் பார்க்கறது? நோயாளியைப் பார்க்கிற மாதிரிதான். ரெஃபரல் கடிதத்தில் எழுதியிருக்கிற வியாதிப் பேரை ஓரமா வச்சுட்டு, உடம்பைப் பார்க்கணும்.

முதலில் லக். டிரம் தோலை இழுத்துப் பிடிக்கிற நீளத் திருகு வந்து உட்காருமே, அந்த உலோகத் துண்டு. அதோட வார்ப்பு ஃபேக்டரிக்கு ஃபேக்டரி மாறும். அப்புறம் ஸ்னேர் கம்பியை ஏத்தி இறக்குற பிடி, டாமைத் தாங்குற கை, பாஸ் டிரம்மோட கால். இதையெல்லாம் பேர்ள், ஸ்டார் பழைய கேட்டலாக் படங்களோடு ஒப்பிடணும். ஆனா இரும்புச் சாமானைக் கழட்டி மாட்டலாம். அதனால லக் ஒன்னை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்றவரை நான் நம்ப மாட்டேன்.

மாத்தறதுக்குக் கஷ்டமானது மரம். ஒரு பக்கத் தோலைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. பெரும்பாலும் லுவான் ப்ளைவுட், மெல்லிசு, செம்பழுப்பு. விளிம்பு ஓரத்தில் பலத்துக்கு உள்வளையம் ஒட்டியிருப்பாங்க. வளையத்தோட அகலம், அதோட இணைப்பு, வெளியே ஒட்டிய பளபள உறையின் முனை எந்த இடத்தில் முடியுது, உள்ளே அடிச்ச பூச்சு. இதெல்லாம் பட்டறையின் கைப்பழக்கம். தையல் போட்ட விதத்தைப் பார்த்து எந்த சர்ஜன்னு வார்டு சிஸ்டர் சொல்லிடுவாங்களே, அந்த மாதிரி.

தழும்புகளையும் பார்க்கணும். தேவையில்லாத துளை இருந்தா ஏதோ ஒன்னைக் கழட்டி வேற போட்டிருக்காங்க. உறை வெயிலில் மஞ்சளாகும், ஆனா லக்குக்கு அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கும், வாட்ச் கட்டின மணிக்கட்டு மாதிரி.

இன்னொரு பொறி: பேர் ஒன்னா இருந்தாலும் ஊர் வேறயா இருக்கும். கென்ட் கிட்டாரைப் பார்த்தவங்க கென்ட் டிரம்மும் ஜப்பான்னு நினைப்பாங்க. அந்த டிரம் நியூயார்க் மாநிலத்துக் கென்மோரில் செஞ்சது.

இவ்வளவு எதுக்குச் சொல்றேன்னா, போன வருஷம் ஒரு கேஸ் வந்தது. நான் வேலை பார்க்கிற அமெரிக்க மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கும் ஒரு அம்மா. கணவர் இறந்து ஒரு வருஷம். கராஜில் அவர் சின்ன வயசில் வாங்கிய டிரம் செட். பாஸ், சின்ன டாம், ஃப்ளோர் டாம். ஸ்னேர் இல்லை. மூணிலும் அப்பல்லோ பேட்ஜ். விக்கிறதுக்குக் கேட்டப்போ ஒரு கடைக்காரர் சொல்லியிருக்கார்: “பேர்ள் செஞ்சதுன்னு யாராவது எழுதிக் கொடுத்தா விலை கூட்டித் தரேன்.” அவங்களுக்குப் பணம் வேணும். ஆஸ்பத்திரிச் செலவு பாக்கி இருந்தது. நான் டிரம் வாசிப்பேன்னு தெரியும். “டாக்டர், நீங்க எழுதிக் கொடுங்களேன். அப்பல்லோன்னா பேர்ள்னுதானே பட்டியல்ல இருக்கு?”

பட்டியலில் இருக்கு, உண்மைதான். ஆனா இறக்குமதியாளர் வேற பட்டறைக்கு மாறினாலும் பேட்ஜ் பேர் மாறாது. அதனால பட்டியல் எனக்கு ஒரு துப்பு மட்டுமே.

சனிக்கிழமை போய்த் தோலைக் கழட்டினேன். பாஸும் சின்ன டாமும் அண்ணன் தம்பி. அதே செம்பழுப்பு, அதே அகல வளையம். லக், டாம் கை ரெண்டும் பேர்ள் கேட்டலாக் படத்தோடு ஒத்துப்போச்சு. ஃப்ளோர் டாம் உள்ளே வெளிர் மரம். வளையம் குறுகல். பேட்ஜைச் சுத்தி, மங்காத உறை பெரிய வட்டமா வெளியே தெரிஞ்சது. அதாவது அங்கே முன்னாடி இருந்தது வேறொரு பெரிய பேட்ஜ்.

அந்த வட்டத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு அவங்க சிரிச்சுட்டாங்க. ஸ்னேர் உடைஞ்சப்போ அதோட பேட்ஜை மட்டும் கணவர் ஒரு டப்பாவில் எடுத்து வச்சாராம். பிறகு யார் கிட்டயோ மலிவா ஒரு ஃப்ளோர் டாம் வாங்கி, செட்டு ஒன்னா தெரியணும்னு அதை இதில் அடிச்சிருக்கார். “எனக்கே மறந்துபோச்சு. சமையல் மேஜை மேலே வச்சுத்தான் அடிச்சார், மேஜையில ஓட்டை விழுந்தது.”

நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: ஜப்பான், 1960கள். பாஸ், சின்ன டாம் ரெண்டும் பேர்ள் தயாரிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃப்ளோர் டாம் வேறு தயாரிப்பு, பேட்ஜ் பின்னாளில் மாற்றப்பட்டது.

“அந்தக் கடைசி வரியும் வேணுமா டாக்டர்?”

வேணும்னேன். பயாப்சி வராம ‘சந்தேகம்’ங்கிற வார்த்தையை எடுக்க மாட்டேன்னு நோயாளிகள் கிட்ட தினமும் சொல்றவன் நான். அவங்க முகம் வாடினது நிஜம். எனக்கும் அன்னைக்கு ராத்திரி அது உறுத்திக்கிட்டே இருந்தது, பாக்கி எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்.

கடைக்காரர் ரெண்டு டிரம்முக்கு, தான் சொன்ன கூட்டின விலைப்படியே கொடுத்தார். மூணாவதுக்கு அவர் சொன்ன விலை ரொம்பக் குறைச்சல். அதை அவங்க திரும்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க.

உங்க சொந்தக்காரங்க யார் வீட்டிலாவது இப்படி ஒன்னு கிடந்தா, பாலிஷ் போட்டுத் துடைக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. துடைச்சா ஸ்டிக்கரும் போகும், நிற வித்தியாசமும் போகும். ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனி ஆளா பாருங்க. கழட்டின பழைய திருகைத் தூக்கிப் போடாதீங்க. உறை தடிமனா இருக்கிறதால புதுத் தோல் சிலதில் இறுக்கமா உட்காரும். அதுக்காக மரத்தை இழைச்சுடாதீங்க, போனா வராது. படம் அனுப்புறவங்க உள்பக்கத்தை முதலில் எடுங்க.