பத்தாம் தேதி போட்ட சிலுவை

இளவயதில் போர் வரலாறு என்றால் தளபதிகளின் பெயர்களைத்தான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். இந்த வயதில் மனதை விட்டுப் போகாமல் இருப்பவர் ஒகுஸ்தான் த்ரேபூஷோன், ஓர் ஆடு மேய்ப்பர். பிரான்ஸின் லோசேர் மலைப்பகுதிக்காரர். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதுமே படையில் சேர்ந்து, நான்கு வருடமும் உயிர்பிழைத்தவர். 415-வது காலாட்படைப் பிரிவில் செய்தி கொண்டு ஓடுவது அவர் வேலை.

1918 நவம்பர் 11 அதிகாலை ஐந்து மணிக்குமேல், கொம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அமலுக்கு வருவது பகல் 11 மணிக்கு. முன்னணிவரை சேதி போய்ச் சேர அவகாசம் வேண்டும் என்பது சரி. ஆனால் அதுவரை துப்பாக்கியை ஓயவிட எல்லா அதிகாரிகளுக்கும் மனம் வரவில்லையே! கனடாக்காரர் ஜார்ஜ் பிரைஸ் 10.58-க்கு விழுந்தார். அமெரிக்கர் ஹென்றி குந்தர் 10.59-க்கு.

மியூஸ் ஆற்றங்கரையில் வ்ரீன்-மியூஸ் என்ற சிற்றூர். பதினொன்றாக இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். த்ரேபூஷோன் ஒரு சேதியோடு போய்க்கொண்டிருந்தார். 11.30-க்கு எல்லாரும் சாப்பாட்டுக்குக் கூட வேண்டும், அவ்வளவுதான் சேதி. குண்டு தலையில் பாய்ந்தது. அவருக்கு வயது 40.

கொஞ்ச நேரத்தில் அதே படைப்பிரிவின் ஊதுகொம்புக்காரர் போர்நிறுத்த மெட்டை ஊத வேண்டியிருந்தது. ஊதியே பல வருடமானதால் அவருக்கு மெட்டு மறந்துபோயிருந்ததாம். பிறர் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்ததாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

த்ரேபூஷோனின் கல்லறைச் சிலுவையில் இருப்பது நவம்பர் 10. சமாதான நாளில் ஒருவரைப் பலிகொடுத்தோம் என்று எழுத ராணுவம் கூசியது என்பார்கள். குடும்பத்துக்கு ஓய்வூதியச் சிக்கல் வராமலிருக்க என்பாரும் உண்டு. எதுவானாலும் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் தாத்தாவின் திதி குறிக்கையில், "அவர் போனது விடியறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? நாள் மாறினா வைக்கிற சோறு யாருக்குப் போய்ச் சேரும்?" என்று பாட்டி திரும்பத் திரும்பக் கேட்பார். படுக்கையில் நிம்மதியாகப் போனவருக்கே அவ்வளவு கவனம். சாப்பாட்டுச் சேதியோடு ஓடியவருக்கு ஒரு நாளையே குறைத்துவிட்டார்கள்.

ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று அவர் பெயரை வாசிப்பவர்கள் நாளையும் நேரத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பதினொன்றாம் தேதி, பதினொரு மணிக்குச் சற்று முன்பு. அந்தச் சிலுவையிலும் அப்படியே திருத்தி எழுத வேண்டும்.