குனிந்து எண்ணிய காடு

ஷாதிபூரில் விடியும்போது மணி ஐந்தரைகூட ஆகியிருக்காது. கடிகாரம் என்னவோ சென்னையின் கடிகாரம்தான், சூரியன்தான் அதற்குக் கட்டுப்படுவதில்லை. மதுரையிலிருந்து வந்த பயணி கண்ணைக் கசக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியபோது, வீட்டுக்காரப் பெரியவர் தயாராக நின்றார். கையில் ஒரு தையல்காரர் டேப், ஒரு பொட்டலம் உப்பு.

“உப்பு எதுக்கு ஐயா?”

“அட்டைக்கு, தம்பி. டேப் மரத்துக்கு.”

வனத்துறையில் மரம் அளந்தே ஓய்வு பெற்றவர் அவர். தகப்பனார் ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறியவர். பிள்ளையோ தமிழில் தொடங்கும் வாக்கியத்தை இந்தியில் முடிக்கிறார். இந்தத் தெருவில் அது யாருக்கும் விசித்திரமில்லை. ஷாதி என்றால் கல்யாணம். நன்னடத்தைக் கைதிகளுக்குக் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கொடுத்துக் குடிவைத்த இடம் என்பதால் ஷாதிபூர் ஆனதாக ஊரில் சொல்கிறார்கள். 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆட்டோக்காரருக்கு மட்டும் அது இன்னும் போர்ட் பிளேர்தான்.

கல்யாணத்துக்கு முன்பு இங்கே இருந்தது காடு. 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு முதல் கப்பல் வந்தபோது அவர்களுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று மரம் வெட்டுவது. இயற்கைக் காட்டையும், வெட்டிய இடத்தில் மீண்டு வந்த காட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் மதுரைக்காரரின் ஆசை. அதற்கு அந்தமானைவிடத் தோதான இடம் அபூர்வம். தீவுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்னும் பச்சை. அந்தப் பச்சையில் எது பழையது, எது திரும்பி வந்தது என்பதில்தான் சிக்கல்.

பெரியவர் முதலில் கூட்டிப்போனது காட்டுக்கு அல்ல, சாத்தம் மர ஆலைக்கு. 1883இல் தொடங்கியது. 1942இல் விழுந்த ஜப்பானியர் குண்டின் பள்ளம் இன்னும் அங்கே இருக்கிறது. அந்தமான் மரங்களின் பெயர்களை அங்கே கேட்பது தனி வேடிக்கை. பின்மா, திங்கன், திது எல்லாம் பர்மியர் வைத்துவிட்டுப் போன பெயர்கள். பாதாம் என்றால் கொறிக்கிற பாதாம் அல்ல, நம் மருத மரத்தின் உறவு. பப்பிதா என்றால் இந்தியில் பப்பாளி. இங்கேயோ அது தீக்குச்சிக்கு ஆகும் வெள்ளை மரம். இந்தி பேசியவர்களும் பர்மியரும் இந்தக் காட்டில் வேலை பார்த்தார்கள், 1918இலிருந்து மரம் வெட்ட வந்தவர்கள் சோட்டா நாக்பூரின் ராஞ்சிக்காரர்கள். அதனால்தான் மரங்களின் பெயரிலேயே ஒரு குடிக்கணக்கு இருக்கிறது. தமிழ்ப் பெயர் மட்டும் இல்லையே என்று மதுரைக்காரருக்கு லேசான வருத்தம். பெரியவர் ஒரு சிவப்புப் பலகையைத் தட்டிக் காட்டினார்.

“இது படாக். நம்ம வேங்கைக்குத் தம்பி. செம்மரத்துக்கும் தம்பிதான்.”

சொன்னது சரி. மூன்றும் டெரோகார்ப்பஸ் என்ற ஒரே பேரினம்.

சாத்தம் ஜெட்டியிலிருந்து பாம்பூ பிளாட்டுக்குப் படகு. அங்கிருந்து மவுண்ட் ஹேரியட். அதற்கும் 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மலையடியில்தான் 1872இல் வைசிராய் மேயோ பிரபுவை ஷேர் அலி குத்திக் கொன்றான். மேலே ஏறினால் பழைய 20 ரூபாய் நோட்டின் கலங்கரை விளக்கம் தெரியும். சுற்றுலாக்காரர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

இவர்கள் இருவரும் பாதையோரமாகவே நடந்தார்கள். தேசியப் பூங்கா என்பதால் இலை பறிக்கக் கூடாது, காய் எடுக்கக் கூடாது. டேப்பைச் சுற்றிப் பார்ப்பதோடு சரி.

மரம் அளப்பது சுலபம் என்று நினைத்ததுதான் மதுரைக்காரர் செய்த முதல் தப்பு. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில், சுற்றளவு எடுக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். அடியில் பலகைபோல் விரிந்த வேர் இருந்தால் அது முடிந்த இடத்துக்கு மேலே போக வேண்டும். அவர் மரம் என்று பெருமையாக அளந்த ஒன்றைப் பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, அது கொடி.” தொடை பருமனுக்குக் கொடி இருக்கும் காட்டுக்கு மதுரையில் எங்கே போவது! அடுத்த பதினைந்து நிமிடம் அவர் அட்டையைப் பிடுங்குவதில் கழிந்தது. உப்பு வேலை செய்தது.

பெயர் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். இலை முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கும். கையில் கிடைப்பது பட்டையும் உதிர்ந்ததும்தான். இந்தத் துறையின் பழைய ஆசான்களுக்கும் இதே பாடுதான் இருந்திருக்கும். சுல்பிட்ஸ் குர்ஸ் 1870இல் அந்தமான் தாவரங்கள் பற்றி அறிக்கை கொடுத்தார். 1923இல் பார்கின்சன் காட்டு மரங்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1972இலிருந்து இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் வட்டார மையம் இந்த ஊரில் இயங்குகிறது.

வளைவொன்றில் பெரியவர் நின்றார். ஒரு பக்கம் குர்ஜன் மரங்கள், கோயில் தூண்கள்போல. மறுபக்கம் மெல்லிய மரங்கள், நெருக்கமாக. “ரெண்டுல எதில அதிக ஜாதி மரம் இருக்கும், சொல்லுங்க?” மதுரைக்காரர் தூண்களைக் கை காட்டினார். “எண்ணிப் பாத்தா பெரிய வித்தியாசம் இருக்காது. எது எதுன்னு பாருங்க, அப்பத் தெரியும்.”

அவர் படித்துச் சொல்லவில்லை. ஆனால் படித்தவர்கள் அதையேதான் கண்டிருக்கிறார்கள். லத்தீன் அமெரிக்காவின் மறுவளர்ச்சிக் காடுகளைப் பற்றி 2019இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, கைவிடப்பட்ட நிலத்தில் 20 ஆண்டுகளில் பழைய காட்டின் இன எண்ணிக்கையில் 80 சதவீதம் திரும்பிவிடுகிறது. ஆனால் அதே இனங்கள் அதே விகிதத்தில் திரும்புவது 34 சதவீதம்தான். மீதிக்கு நூற்றாண்டுகள் ஆகலாம். தெருவில் வீடுகள் நிரம்பிவிட்டன, பழைய குடும்பங்களைத்தான் காணோம் என்பதுபோல.

அந்தமானில் இதைத் திட்டமிட்டே கையாள முயன்றார் வன அதிகாரி செங்கப்பா. ஒரேயடியாக வெட்டாமல், தாய் மரங்களை நிற்கவிட்டு, கீழ் அடுக்கிலிருந்து படிப்படியாக நிழலை விலக்கி, விழுந்த விதையே கன்றாக வரட்டும் என்பது அவர் முறை. படாக் வெளிச்சப் பிரியன் என்பதால் அதற்கு இது தோதானது. பல பத்தாண்டுகள் அந்த முறையில்தான் மரம் எடுத்தார்கள். சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஒட்டி 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் இயற்கைக் காட்டில் மரம் வெட்டக் கடும் கட்டுப்பாடு விதித்தது. சாத்தம் ஆலையின் சத்தம் குறைந்தது. வெட்டு குறைந்ததால் காடு தானாக மீண்டுவிடும் என்று எல்லோரும் நிம்மதியாகிவிட்டதுதான் மதுரைக்காரருக்கு உறுத்துகிறது.

ஏனென்றால் மான் இருக்கிறது. வேட்டைக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்களுக்கு இங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. நீந்தித் தீவு தீவாகப் பரவிவிட்டன. வடக்கே இன்டர்வியூ தீவில் ஒரு மரக் கம்பெனி மூடும்போது விட்டுப்போன யானைகளும் சேர்ந்துகொண்டன. இவை காட்டின் அடித்தளத்தை என்ன செய்கின்றன என்று சூழலியலாளர் ரவூஃப் அலி 2004இல் எழுதினார். மான் கன்றைத் தின்கிறது. பெரிய மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. வழக்கமான கணக்கெடுப்பு 30 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு மேல்தான் எண்ணும் என்பதால், ஏட்டில் எல்லாம் நன்றாகவே தெரியும்.

முதுமலையில் அப்படி இல்லை. 1988இல் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமார் குழு 50 ஹெக்டேர் கட்டம் கட்டி, 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டையும் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்னோடி 1980இல் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் தொடங்கிய கட்டம். அந்தமானிலும் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ராசிங்கமும் பார்த்தசாரதியும் லிட்டில் அந்தமானின் காட்டு வகைகளையும் கலைந்த, கலையாத பகுதிகளையும் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள். ஆனால் மெல்லிய தண்டுவரை இறங்கி, மான் புகாமல் வேலி போட்ட கட்டத்தையும் போடாததையும் பல பத்தாண்டுகள் பக்கத்தில் வைத்து எண்ணினால்தான் இந்தத் தீவுகளின் மறுகாடு பற்றி உறுதியாகப் பேச முடியும். செலவு அதிகம் ஆகாது, பொறுமைதான் அதிகம் வேண்டும்.

இறங்கும் வழியில் வெயில் விழும் ஓரத்தில் பெரியவர் குத்தவைத்து உட்கார்ந்தார். முழங்கால் உயரத்தில் மூன்று கன்றுகள். பக்கத்தில் தட்டையான, இறக்கை வைத்த காய் ஒன்று மட்கிக் கிடந்தது. “படாக்,” என்றார். டேப்பை எடுக்கவில்லை. அளக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை.

அந்த மலைக்குப் போகிறவர்கள் கலங்கரை விளக்கத்தைப் படம் எடுக்கப் பின்னால் நகரும்போது, கால் வைக்கும் இடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.