களத்தில் வாங்கிய சுதந்திரம்

ஒவ்வொரு ஆகஸ்ட் 15 அன்றும் "சுதந்திரம் வாங்கி இத்தனை ஆண்டு" என்று மேடையில் பேசுகிறார்கள். அந்த 'வாங்கி' என்ற சொல் எங்கள் காதில் வேறு மாதிரி விழுகிறது.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி எங்கள் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. கார், பிசானம் என்று இரண்டு போகம். நட்டதும் அறுத்ததும் மடை திறந்ததும் எங்கள் சனங்கள். வயல் மட்டும் எங்களுடையது இல்லை. அறுவடை முடிந்து, நெல்லை அளந்து சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஊர் வேலை பார்த்தவர்களுக்குக் களத்தில் கொஞ்சம் ஒதுக்குவார்கள். அதற்குப் பெயர் சுதந்திரம். "களத்துக்குச் சுதந்திரம் வாங்கப் போயிட்டு வாரேன்" என்று எங்கள் ஆச்சிமார் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவார்களாம். களத்துக்குள் ஏறக்கூடாது. ஓரத்தில் நிற்க வேண்டும். கூப்பிடும்போது மடியை ஏந்த வேண்டும்.

இது வெறும் ஊர்வழக்கு இல்லை. சென்னை மாகாணத்தின் பழைய வருவாய் ஆவணங்களிலும் இதே சொல்தான். மிராசுதாருக்கு விளைச்சலில் பரம்பரையாக வந்த பங்கும் சுதந்திரம், கிராம ஊழியருக்கு அளந்து போட்ட நெல்லும் சுதந்திரம். ஒரே சொல்தான். ஒருவர் உட்கார்ந்து வாங்கினார், இன்னொருவர் குனிந்து வாங்கினார்.

இதே சொல்லுக்கு மூன்றாவது பொருளும் உண்டு. நம் பகுதி சபைகளில் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தில் 'சுதந்தரம்' என்றால் தகப்பன் விட்டுச்சென்ற சொத்து. 'சுதந்தரவாளி' என்றால் வாரிசு. எங்கள் தாத்தாக்கள் விட்டுச்சென்றது என்ன? வேலைதான். 1892இல் வெள்ளை அரசு பஞ்சமி நிலம் என்று ஒதுக்கியதில் எவ்வளவு இன்று எம் மக்கள் கையில் இருக்கிறது என்று தாலுகா ஆபீஸில் மனு போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிறகுதான் தேசியவாதிகள் அந்தச் சொல்லை எடுத்தார்கள். நம் மாவட்டத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார், சிறையில் செக்கிழுத்தார். அந்தத் தியாகத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் இருந்த கடிதம், சனாதன தர்மத்தை மிதித்ததையும் வெள்ளையன் செய்த குற்றமாகச் சொன்னது. அந்தச் சுதந்திரத்தில் நம் இடம் எது? களத்தின் ஓரம்தானே? அதே காலத்தில் 'தமிழன்' இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், சாதியை வைத்துக்கொண்டு சுதேசியம் பேசுவதைக் கேள்வி கேட்டது இதனால்தான். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்ததும் இதைத்தான்: அரசியலில் சமத்துவம் வரப்போகிறது, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை தொடரப்போகிறது என்றார்.

தொடர்ந்தது. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தேர்தலில் வென்ற தலித் ஊராட்சித் தலைவர் அமிர்தத்தைக் கொடி ஏற்ற விடவில்லை. சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் வந்து நின்ற பிறகே ஏற்ற முடிந்தது. 2025 மார்ச்சில் எங்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வு எழுதப் பஸ்ஸில் போன பிளஸ் ஒன் தலித் மாணவனை வழிமறித்து வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று வீட்டார் கதறினார்கள். அந்தப் பிள்ளைக்கு நாம் 'சுதந்திரம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் சொல்லித் தருவது?

எங்கள் மாலை வகுப்பில் பிள்ளைகளிடம் இரண்டு சொற்களையும் வாக்கியத்தில் அமைக்கச் சொன்னோம். "நமக்குச் சுதந்திரம் கிடைத்தது" என்று எழுதிவிட்டு எல்லோரும் முற்றுப்புள்ளி வைத்தார்கள். விடுதலைக்கு வந்தபோது ஒரு சிறுமி பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "எதுல இருந்துன்னு எழுதணும் அக்கா?"

எங்களுக்கு அது போதும். சுதந்திரம் என்று சொன்னால் யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விடுதலை என்றால் எதிலிருந்து என்று சொல்லியாக வேண்டும். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடப்பதிலிருந்து, பட்டா இல்லாத வீட்டிலிருந்து, மலக்குழியில் இறங்குவதிலிருந்து, பஸ்ஸில் பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் பயத்திலிருந்து.

ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சி தோறும் கிராம சபை கூடும். கொடி ஏற்றி மிட்டாய் வாங்கியதும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், தோழர்களே. கடைசி வரிசையிலும் உட்காராதீர்கள். சுடுகாட்டுப் பாதை, வீட்டுமனைப் பட்டா, குடிநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.