மலைவீட்டில் ஒரு படம்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில், மூதாட்டி ஒருவர் தம் பேத்தியுடன் என் வரவை எதிர்நோக்கியிருந்தார். பேத்தி மறுநாட்காலை முதல் பேருந்தில் சமவெளிக்குப் போகிறாள்; விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கப் போகிறாள். அவள் போகுமுன் இருவரையும் ஒருசேரப் படம் எடுத்துத் தருவதாக நான் வாக்களித்திருந்தேன். கைப்பேசியில் எடுத்த படங்கள் அவர்களிடம் இல்லாமல் இல்லை. ஆயினும், சட்டமிட்டுச் சுவரில் மாட்டத்தக்க படம் ஒன்று வேண்டும் என்பது பாட்டியின் ஆசை.

நண்பர் ஒருவரிடம் ஸ்டூடியோ ஃபிளாஷ் விளக்குகள் இரண்டை இரவல் பெற்றுச் சென்றேன். என் கேமராவோ புதிதாகப் பழகுவோர்க்கென விலை குறைத்துச் செய்யப்பட்டது. விளக்குகளை இயக்கும் வயர்லெஸ் டிரிக்கரை அதன் தலையில் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். விளக்குகள் வாளா இருந்தன. குனிந்து பார்த்தேன். டிரிக்கரைப் பொருத்தும் இடத்தின் நடுவே இருக்கவேண்டிய உலோகப் புள்ளி அக்கேமராவில் இல்லை! ‘இப்போது மின்னுக’ என்னும் ஆணை அப்புள்ளியின் வழியாகவே அந்த டிரிக்கருக்குச் செல்லவேண்டும். கம்பியைச் செருகுவதற்கும் துளை இல்லை. இரவல் பொருளை வீட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பாராமல் மலையேறிய என் பேதைமையை என்னென்பது!

வேறொரு வழி தோன்றிற்று. அவ்விளக்குகளில் ஒளியை உணரும் கண் ஒன்று உண்டு; அயலில் ஒரு ஃபிளாஷ் மின்னினால், அதனைக் கண்டு தாமும் மின்னும். கேமராவிலேயே அமைந்த சிறு ஃபிளாஷை எழுப்பிப் படம் எடுத்தேன். மூன்றும் ஒருங்கே மின்னின. அறை முழுதும் வெளுத்தது. படத்திலோ சிறு ஃபிளாஷின் மங்கலொளியே இருந்தது. மீண்டும் எடுத்தேன், மீண்டும் அவ்வாறே.

“தம்பி, என் கண்ணுக்குத் தெரிந்த வெளிச்சம் உன் பெட்டிக்குத் தெரியவில்லையா?” என்றார் பாட்டி.

அக்கேள்வியே எனக்கு விடை காட்டிற்று. சிறு ஃபிளாஷ், ஒளியின் அளவை அறிவதற்காக முதலில் மெல்ல ஒருமுறை மின்னும். அதன்பின் ஷட்டர் திறக்கும். அப்போதுதான் மெய்யாக மின்னும். இவை நொடியின் சிறு பகுதிக்குள் நிகழ்வதால் நம் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். என் விளக்குகள் முதல் மின்னலையே அழைப்பென்று கொண்டு, ஷட்டர் திறக்குமுன்பே தம் ஒளியைக் கொட்டிவிட்டன. முன்மின்னலைப் பொருட்படுத்தாது விடும் ஏற்பாடு சில விளக்குகளில் உண்டு, இவை பழையன. இத்தகைய கேமராவில் ஷட்டரின் திரைகள் முற்றும் விலகி நிற்பது 1/200 நொடி அளவிலும் அதனினும் மெதுவான வேகங்களிலுமே. அச்சிறு பொழுதுக்குள் மின்னல் வந்து விழவேண்டும்.

அப்படியானால், ஷட்டரை நெடுநேரம் திறந்தே வைத்தால் என்ன? மெக்னீசியத் தூளைக் கொளுத்திப் படமெடுத்த பழங்காலத்தார் அவ்வாறே செய்தனர். லென்சைத் திறப்பர், தூளைக் கொளுத்துவர், மூடுவர். இதே மலைத்தொடரின் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியும், இருளில் நெடுநேரம் ஒளியைத் திரட்டித்தான் மங்கலான விண்பொருள்களைப் பதிவு செய்கிறது. எனக்கு இரண்டு நொடி போதும். ஆனால் இருள் வேண்டும்.

பொழுது சாயும்வரை காத்திருந்தோம். அதற்குள் பாட்டி சாமைச் சோறு பொங்கி எனக்கும் இட்டார். பிறகு கேமராவை முக்காலியில் நிறுத்தி, முகங்கள் தெளியுமாறு லென்சைக் கையால் திருப்பி வைத்தேன். சிறு ஃபிளாஷை மடக்கினேன். கதவைச் சாத்தி, அறையின் விளக்கை அணைத்தாள் பேத்தி; தடவிக்கொண்டே போய்ப் பாட்டியின் அருகில் அமர்ந்தாள். இடக்கையால் ஷட்டரை அழுத்தி, அது மூடுமுன் வலக்கையால் ஒரு விளக்கின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். அது மின்ன, அதனைக் கண்டு மற்றதும் மின்னிற்று.

படம் தெளிவாக விழுந்திருந்தது. பேத்தி நேரே நோக்கியிருந்தாள். பாட்டி கேமராவை நோக்கவே இல்லை. இருளில் எவரும் காணார் என்று எண்ணினார் போலும், பேத்தியின் முகம் இருந்த பக்கமே திரும்பியிருந்தார்.

“இன்னொன்று எடுக்கட்டுமா?” என்றேன்.

“வேண்டாம் அண்ணா, இதுவே இருக்கட்டும்” என்றாள் அவள்.