மெதுவா மேல வா

விருத்தாசலத்துல கடல் கிடையாது, செராமிக் சூளைகள்தான். அந்த ஊர்க்காரன் நான், போன லீவுல புதுச்சேரிக்கு ஸ்கூபா கத்துக்கப் போனேன். காரணம், ஹெர்ம்ஸ். விமானம் தாங்கியாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். அன்று அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் இருந்தன. 50 மீட்டருக்கும் கீழே இன்றும் கிடக்கிறது.

எனக்குப் பத்து மீட்டரிலேயே சோதனை. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறி மேலே பாயப் பார்த்தேன். பயிற்சியாளர் கையைப் பிடித்து நிறுத்தினார். மூச்சை அடக்கிக்கிட்டு வேகமா ஏறினா, உள்ளே இருக்கிற காற்று விரிஞ்சு நுரையீரல் கிழிஞ்சிடும். ரொம்ப ஆழத்துல இருந்து வந்தா, ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜனும் குமிழாகிடும்.

வீட்டில் சொன்னேன். சூளை வேலை பார்க்கும் அப்பா சிரிக்கவில்லை. "சூடு ஆறாம சூளையத் திறந்தா பீங்கான் விரிசல் விட்டுடும்டா. அவசரப்பட்டு ஒரு சூளைச் சரக்கையே இழந்திருக்கேன்" என்றார். அதுவரை என்னிடம் சொல்லாத கதை.

என் சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான். ஹெர்ம்ஸுக்கு இன்னும் பல பயிற்சிகள் பாக்கி. போவேன். அதுவரைக்கும் லீவு நாள்ல அப்பாகூட உட்கார்ந்து, சூளை ஆறுற வரைக்கும் காத்திருக்கப் பழகுறேன்.